மெயிலில் போட்டோ போகவில்லையா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

திருவொற்றியூர்க் கோயில் திருவிழாவில் எடுத்த இருபது படங்களை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப வேண்டும். மழைத் தண்ணீர் புகுந்த வீட்டின் படங்களை இன்சூரன்ஸ்காரர் மெயிலில் கேட்கிறார். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஏற்ற வேண்டும். மூன்று வேலையும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன: படத்தின் கனம். அதைக் குறைக்கக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் 'பெயின்ட்' புரோகிராம் ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, பட்டியலின் அடியில் இருக்கும் 'பிராப்பர்ட்டீஸ்' திறக்கவும். முதல் பக்கத்தில் 'சைஸ்' என்று எம்பி அல்லது கேபி கணக்கு இருக்கும். 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'டைமென்ஷன்ஸ்' என்று 4000 x 3000 போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஃபைலின் கனம். இரண்டாவது படத்தில் அகலவாக்கில் எத்தனை புள்ளி, உயரவாக்கில் எத்தனை புள்ளி (பிக்சல்) என்பது. இந்த இரண்டையும் பார்க்காமல் படத்தில் கை வைக்காதீர்கள்.

இன்றைய போன் கேமரா சாதாரணமாக 12 மெகாபிக்சலில் எடுக்கிறது. அது 4000 x 3000 புள்ளி, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரை வரும். வாங்கிப் பார்ப்பவரின் லேப்டாப் திரையோ 1366 x 768, மிஞ்சிப் போனால் 1920 x 1080. மிச்சப் புள்ளிகள் அவர் கண்ணுக்கே தெரியப்போவதில்லை. ஆகவே மெயிலுக்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டால் போதும்: நீளப் பக்கம் 1600 புள்ளி. 4000 x 3000 படம் 1600 x 1200 ஆனால் புள்ளிகள் ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 4 எம்பி படம் பெரும்பாலும் அரை எம்பி பக்கம் வந்து நிற்கும். இலையும் மணலுமாக நுணுக்கம் நிறைந்த படமென்றால் கொஞ்சம் கூடும், வெறும் சுவர் என்றால் இன்னும் குறையும்.

"25 எம்பிக்கு மேல போகாதுன்னு சொல்லுது"

ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி வரம்பு. யாஹூவிலும் அதே. அவுட்லுக் டாட் காமில் 20. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று இல்லை, மெயிலில் இருக்கும் எல்லாப் படமும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. தலா 4 எம்பி என்று ஏழு படம் சேர்த்தாலே தாண்டிவிடும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மெயில் என்பது எழுத்துகளை மட்டும் கொண்டுபோக உருவான ஏற்பாடு. படத்தை அதில் ஏற்றும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்படுகிறது. அதனால் 20 எம்பி படம் வழியில் 27 எம்பி ஆகிறது. உங்கள் பக்கம் 'போயிடுச்சு' என்று காட்டி, அந்தப் பக்கம் ஏற்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மொத்தம் 15 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் இந்தத் தகராறே இல்லை.

பெயின்டில் சுருக்கும் முறை இது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒன்றுதான்.

1. படத்தின் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', 'பெயின்ட்'.
2. கீபோர்டில் கன்ட்ரோலை அழுத்தியபடி டபிள்யூ தட்டவும். 'ரீசைஸ்' பெட்டி வரும்.
3. அதில் 'பர்சன்டேஜ்' தேர்வாகி இருக்கும். அதை 'பிக்சல்ஸ்' என்று மாற்றவும்.
4. 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' இயங்குகிறதா என்று பார்க்கவும். பழைய பெயின்டில் அது ஒரு டிக், புதியதில் பூட்டு அல்லது சங்கிலிக் குறி.
5. படம் படுக்கைவாட்டில் இருந்தால் 'ஹாரிசான்டல்' கட்டத்தில் 1600. நெடுக்குவாட்டில் இருந்தால் 'வெர்ட்டிகல்' கட்டத்தில் 1600. மற்றது தானாக மாறும். ஓகே.
6. எஃப்12 தட்டவும். 'சேவ் ஆஸ்' திறக்கும். வகையில் 'ஜேபெக்' (போட்டோவுக்கான வழக்கமான வகை) தேர்ந்து, பெயரின் பின்னால் 'சின்னது' என்றோ 'மெயில்' என்றோ சேர்த்துப் புதுப் பெயரில் சேமிக்கவும்.

ஆறாவது படியில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பழக்க தோஷத்தில் கன்ட்ரோல் எஸ் தட்டினால் ஒரிஜினல் மேலேயே சின்னப் படம் ஏறி உட்கார்ந்துவிடும். பெரியதைத் திரும்பப் பெற வழியில்லை. எனவே, வேலையை ஆரம்பிக்கும் முன்பே அனுப்ப வேண்டிய படங்களை டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அந்தக் காப்பியில் மட்டும் கை வைப்பதே நல்லது.

'பர்சன்டேஜ்' கணக்கிலேயே செய்கிறேன் என்பவர்களுக்கு: 50 என்று போட்டால் பாதியாகாது. அகலம் பாதி, உயரம் பாதி, ஆகப் புள்ளிகள் கால்வாசி. 4000 புள்ளிப் படத்துக்கு 40 போட்டால் 1600 வரும். ஆனால் 50 மெகாபிக்சலில் எடுத்த படத்துக்கு அதே 40 போட்டால் 3000-க்கு மேல் நிற்கும். படத்துக்குப் படம் மாறும் என்பதால் பிக்சல் கணக்கே மேல்.

இருபது முப்பது படம் என்றால் பெயின்டில் ஒவ்வொன்றாகச் செய்து கை வலிக்க வேண்டாம். சொந்தக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'பவர்டாய்ஸ்' என்ற இலவசத் தொகுப்பை இறக்கி நிறுவுங்கள். மைக்ரோசாஃப்ட்டே கொடுப்பது. பிறகு எல்லாப் படத்தையும் ஒன்றாகத் தேர்ந்து ரைட் கிளிக் செய்தால் 'இமேஜ் ரீசைசர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'லார்ஜ்', அதாவது 1920 x 1080 தேர்ந்து 'ரீசைஸ்' தட்டினால் எல்லாம் ஒரே மூச்சில் முடியும். ஒவ்வொரு படத்துக்கும் பெயரோடு 'லார்ஜ்' ஒட்டிக்கொண்ட ஒரு காப்பி அதே ஃபோல்டரில் வந்து நிற்கும். 'ரீசைஸ் தி ஒரிஜினல் பிக்சர்ஸ்' என்ற கட்டத்தில் மட்டும் டிக் வைக்காதீர்கள்.

ரைட் கிளிக்கில் 'சென்ட் டூ', 'மெயில் ரெசிபியன்ட்' என்று ஒரு பழைய வழியும் இருக்கிறது. படத்தைச் சுருக்கியே மெயிலில் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் அவுட்லுக் போன்ற மெயில் புரோகிராம் நிறுவி, கணக்கும் போட்டு வைத்திருந்தால்தான் வேலை செய்யும். குரோமில் ஜிமெயில் திறப்பவர்களுக்கு 'மெயில் புரோகிராம் இல்லை' என்ற பிழைதான் வரும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த வழியை விட்டுவிடுங்கள்.

"அவங்களுக்கு லிங்க்தான் போயிருக்கு, திறக்க மாட்டேங்குதாம்"

25 எம்பி தாண்டியதும் ஜிமெயில் படங்களை உங்கள் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு, மெயிலில் வெறும் லிங்க் வைக்கும். அனுப்பும்போது 'யார் பார்க்கலாம்' என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அதைப் படிக்காமல் தட்டியிருந்தால் அந்தப் பக்கத்தில் 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம் திறக்கும். டிரைவில் அந்தப் படத்தின் 'ஷேர்' பகுதிக்குப் போய் அவருடைய மெயில் முகவரியைச் சேர்த்தால் சரியாகும். 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்று மாற்றினாலும் திறக்கும், ஆனால் அந்த லிங்க் எங்கே போனாலும் படமும் கூடவே போகும். ஆதார், பேங்க் பாஸ்புக் படங்களுக்கு அது வேண்டாம். அலுவலகங்களில் டிரைவ் லிங்கைத் திறக்கவே தடை இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குச் சுருக்கி அட்டாச் செய்வது ஒன்றே வழி.

"அனுப்பின மெயில் திரும்பி வந்துடுச்சு"

'மெயிலர் டீமன்' அல்லது 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் ஒரு மெயில் வந்திருக்கும். ஆங்கிலத்தைப் பார்த்து மிரண்டு அழித்துவிடாதீர்கள். காரணம் அதற்குள்தான் எழுதியிருக்கிறது. புள்ளி வைத்த மூன்று எண்களைத் தேடுங்கள். 5.3.4 அல்லது 5.2.3 என்றால் மெயில் கனம் கூடிவிட்டது, சுருக்கி மறுபடி அனுப்பலாம். 5.2.2 அல்லது 4.2.2 என்றால் அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. நீங்கள் எவ்வளவு சுருக்கினாலும் போகாது, போன் போட்டுச் சொல்லுங்கள். 5.1.1 என்றால் முகவரியே தப்பு. ஒரு புள்ளியோ எழுத்தோ விட்டுப்போயிருக்கும்.

ஜிமெயிலில் 25 வரை போகிறதே, பிறகு ஏன் திரும்புகிறது? வரம்பு இரண்டு பக்கமும் உண்டு. பல அலுவலக மெயில்களில் 10 எம்பிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். இன்சூரன்ஸ், பேங்க், அரசு அலுவலகம் என்றால் ஒரு மெயிலுக்கு 5 எம்பி என்று நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1600 புள்ளிக்குச் சுருக்கிய படங்கள் எட்டுப் பத்து அதில் அடங்கும். இன்னும் இருந்தால் தலைப்பில் 'பகுதி 1', 'பகுதி 2' என்று போட்டுத் தனித்தனி மெயிலாக அனுப்பலாம்.

உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி மெயில்கூடப் போகவில்லை, வரவும் இல்லை என்றால் போட்டோவைக் குறை சொல்ல வேண்டாம். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபியில் ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் பங்குதாரர்கள். போன் படங்கள் தானாக ஏறி ஏறி அது நிரம்பியிருக்கும்.

"சுத்திக்கினே இருக்கு, போவவே மாட்டேங்குது"

இறக்கும் வேகம் வேறு, ஏற்றும் வேகம் வேறு. வீடியோ தடையில்லாமல் ஓடுகிறதே என்று நினைப்பீர்கள். அது இறக்கம். நெரிசலான தெருவில் சாயங்கால நேரத்தில் போனின் ஏற்றும் வேகம் அரை எம்பிபிஎஸ் (நொடிக்கு அரை மெகாபிட்; எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி) அளவுக்கு இறங்கினால், 40 எம்பி ஏறப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் திரை அணைந்து, சிக்னல் ஒருமுறை விட்டால் ஏற்றிய வரைக்கும் வீண். அதே படங்களைச் சுருக்கி 5 எம்பி ஆக்கினால் ஒன்றரை நிமிட வேலை.

கம்ப்யூட்டரே வேண்டாம், போனிலேயே முடிய வேண்டும் என்றால் கையில் இருக்கும் வாட்ஸ்அப்பே போதும். தொடர்புப் பட்டியலில் உங்கள் சொந்த எண் மேலேயே இருக்கும், அதற்கே படங்களை அனுப்புங்கள். 'எச்டி' தேர்வு செய்யாமல் சாதாரணத் தரத்தில் விட்டால் வாட்ஸ்அப் நீளப் பக்கத்தைப் பெரும்பாலும் 1600 புள்ளி அளவுக்குச் சுருக்கிவிடும். பிறகு அந்தப் படத்தைத் திறந்து 'ஷேர்' தட்டி ஜிமெயிலைத் தேர்ந்தால் சின்னப் படம் அட்டாச் ஆகும். கேலரியிலிருந்து எடுத்தால் பழைய பெரிய படமே போகும், சாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பியிருந்தாலும் சுருங்காது.

சாம்சங் கேலரியில் படத்தைத் திறந்து பென்சில் குறியைத் தட்டி, மூன்று புள்ளிப் பட்டியலில் 'ரீசைஸ்' பார்க்கலாம். ஐபோனில் ஆப்பிளின் மெயில் ஆப் வழியாக அனுப்பினால் 'ஸ்மால், மீடியம், லார்ஜ், ஆக்சுவல்' என்று எம்பி கணக்கோடு கேட்கும். 'லார்ஜ்' போதும்.

போனில் 50 அல்லது 108 மெகாபிக்சல் என்ற கேமரா தேர்வு இருந்தால், மெயிலுக்காக எடுக்கும் படத்துக்கு அதைத் தொடவே வேண்டாம். 108 மெகாபிக்சல் என்பது 12000 x 9000 புள்ளி. உடைந்த சன்னலைக் காட்ட அவ்வளவு எதற்கு?

"சின்னதாக்கிட்டேன், ஆனா எம்பி குறையல"

இந்தக் கோளாறுக்குத்தான் காரணங்கள் அதிகம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

திரையில் ஜூம் குறைத்துச் சேமித்திருக்கலாம். கன்ட்ரோலோடு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் சின்னதாகத் தெரியும், ஃபைலில் ஒரு புள்ளிகூடக் குறையாது. சன்னலிலிருந்து தள்ளி நின்று பார்ப்பதால் சன்னல் சிறுத்துவிடாது அல்லவா, அது போலத்தான். 'டைமென்ஷன்ஸ்' மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வகை பிஎன்ஜி ஆகியிருக்கலாம். பிஎன்ஜி ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுக்காமல் அப்படியே வைக்கும் வகை. எழுத்து, கோடு, லோகோவுக்கு அது சரி. கேமராவில் எடுத்த படத்தைப் பிஎன்ஜியாகச் சேமித்தால் சுருக்கிய பிறகும் முன்பைவிடக் கனம் கூடலாம். பெயின்டில் வேறெங்கிருந்தாவது படத்தை ஒட்டினால் சேமிக்கும்போது தானாக வருவதும் பிஎன்ஜிதான். 'ஜேபெக்' என்று மாற்றிச் சேமியுங்கள். பெயரின் வாலில் மட்டும் '.ஜேபிஜி' என்று திருத்தி எழுதினால் வகை மாறாது. பெட்டியின் மேலுள்ள சீட்டு மாறும், சரக்கு அதேதான்.

ஜிப் செய்து பார்த்திருக்கலாம். ஜேபெக் ஏற்கெனவே பிழிந்த ஃபைல். அதை ஜிப் பண்ணினால் நூற்றில் ஒன்றிரண்டு குறைவதே பெரிது. நிறையப் படங்களை ஒரே மூட்டையாகக் கட்ட ஜிப் உதவும், கனத்துக்கு உதவாது.

டிபிஐ 300-ஐ 72 ஆக்கியிருக்கலாம். டிபிஐ என்பது அச்சடிக்கும்போது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி வைக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதவரை கேபியும் மாறாது.

படங்களை வேர்ட் ஃபைலில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கியிருக்கலாம். வேர்ட் உள்ளுக்குள் பெரிய படத்தையே வைத்திருக்கும். ஒரு படத்தை கிளிக் செய்து, மேலே 'பிக்சர் ஃபார்மட்' பகுதியில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' திறந்து, 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' டிக்கை எடுத்துவிட்டு, 'இமெயில் 96 பிபிஐ' தேர்ந்து ஓகே கொடுத்துச் சேமியுங்கள். 40 எம்பி வேர்ட் ஃபைல் ஓரிரு எம்பிக்கு இறங்குவதை அப்போது பார்க்கலாம்.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்துவிட்டுப் பழைய படத்தையே அட்டாச் செய்திருக்கலாம். இது சாதாரணமாக நடப்பதுதான். சுருக்கிய படங்களுக்குத் தனி ஃபோல்டர் வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

"20 முதல் 50 கேபிக்குள்ள கேக்குறாங்க"

இது மெயில் வேலை இல்லை, விண்ணப்ப வேலை. ஆனால் போட்டோவைச் சுருக்க பிரவுசிங் சென்டருக்கு வருபவர்களில் நிறையப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுகளுக்குக் கேட்பது: போட்டோ 200 x 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140 x 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. மற்றத் தேர்வுகளுக்கு அந்தந்த அறிவிப்பில் இருப்பதே கணக்கு, நண்பர் சொன்னதை நம்பி ஏற்றாதீர்கள்.

ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் 3.5 செமீ அகலம், 4.5 செமீ உயரம். இதை விகிதப் பூட்டோடு 200 அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 257 வரும். தேவை 230. இங்கேதான் பலரும் விகிதப் பூட்டை எடுத்துவிட்டு 230 என்று அடித்து முகத்தைச் சப்பையாக்குகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. 200 x 257 ஆக வைத்துக்கொண்டு, பெயின்டில் கன்ட்ரோல் ஈ தட்டுங்கள். 'இமேஜ் பிராப்பர்ட்டீஸ்' பெட்டி வரும். அலகு 'பிக்சல்ஸ்' என்று பார்த்து, உயரத்தில் 230 அடித்து ஓகே. பெயின்ட் அடியிலிருந்து 27 புள்ளிகளை வெட்டி எறியும். போவது சட்டைப் பகுதி, முகத்துக்கு ஒன்றும் ஆகாது.

கையெழுத்துக்கும் இதே வித்தை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, பகல் வெளிச்சத்தில், போனின் நிழல் விழாமல் படமெடுங்கள். ஓரங்களை வெட்டிவிட்டு 140 அகலத்துக்குச் சுருக்குங்கள். உயரம் 45, 50 என்று குறைவாக வந்தால் கன்ட்ரோல் ஈ-யில் 60 அடித்தால் போதும், குறைகிற இடத்தைப் பெயின்ட் வெள்ளையால் நிரப்பும்.

இப்போது எதிர்க்கோளாறு ஒன்று வரும்: 'குறைந்தது 20 கேபி வேண்டும், உங்களுடையது 11' என்று தளம் திருப்பிவிடும். பெயின்டில் தரத்தை ஏற்றி இறக்கும் வசதி கிடையாது. விண்டோஸ் 11-இல் 'போட்டோஸ்' ஆப்பில் படத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் 'ரீசைஸ் இமேஜ்' எடுத்தால் 'குவாலிட்டி' என்று ஒரு நகர்த்தி இருக்கும். இப்போதைய சைஸ், புது சைஸ் இரண்டையும் காட்டும். பழைய விண்டோஸ் என்றால் கூகுளின் குரோம் குழுவினர் செய்த 'ஸ்கூஷ்' (Squoosh) என்ற தளத்தைக் குரோமில் திறந்து, படத்தை இழுத்துப் போட்டு, வலது பக்கம் 'மோஸ்ஜேபெக்' தேர்ந்து, குவாலிட்டியை 75-லிருந்து 90, 95 என்று ஏற்றிக்கொண்டே கீழே தெரியும் கேபியைப் பாருங்கள். வேண்டிய அளவு வந்ததும் இறக்கிக்கொள்ளலாம். இந்தத் தளத்தில் இன்னொரு நல்ல அம்சம், படம் எந்த சர்வருக்கும் ஏறுவதில்லை, உங்கள் பிரவுசருக்குள்ளேயே சுருங்குகிறது. 'ஆன்லைன் கம்ப்ரஸ்' என்று தேடினால் வரும் பல தளங்கள் படத்தைத் தங்கள் சர்வருக்கு எடுத்துக்கொண்டு சுருக்கித் தருபவை. பூப்படம், கோயில் படம் என்றால் பரவாயில்லை. ஆதார், பான், கையெழுத்தை அங்கே ஏற்றாதீர்கள்.

கேபி பார்க்கும்போது கண் எந்த வரியில் நிற்கிறது என்பதும் முக்கியம். 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு வரி உண்டு. டிஸ்கில் இடம் 4 கேபி கட்டங்களாகப் பிரிந்திருப்பதால் 48.5 கேபி படம் இரண்டாவது வரியில் 52 என்று காட்டும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி சுருக்க வேண்டாம். தளம் எடுத்துக்கொள்வது முதல் வரியை.

"அந்தப் பக்கம் திறக்கவே இல்லையாம்"

ஃபைல் பெயர் '.ஹெச்இஐசி' என்று முடிகிறதா பாருங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை இந்த வகையில் சேமிக்கின்றன. கனம் குறைவு, தரம் நல்லது, ஆனால் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு அது புரியாத பாஷை. ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸில் 'ஹை எஃபிஷியன்சி பிக்சர்ஸ்' என்பதை அணைக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு, மேலே சொன்ன வாட்ஸ்அப் வழி ஜேபெக்காகவும் மாற்றிவிடும், சுருக்கியும் விடும்.

"படம் படுத்துக்கினு இருக்கு"

போனை நெடுக்காகப் பிடித்து எடுத்தாலும் கேமரா பெரும்பாலும் படுக்கையாகவே பதிவுசெய்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று உள்ளே ஒரு குறிப்பு வைக்கும். சில புரோகிராம்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. பெயின்டில் 'ரொட்டேட்' செய்து நிமிர்த்தி ஜேபெக்காகச் சேமித்தால் புள்ளிகளே திரும்பிவிடும், எங்கே திறந்தாலும் நேராக நிற்கும்.

"எழுத்து படிக்க முடியலன்னு சொல்றாங்க"

1600 என்பது ஆள், இடம், பொருள் படங்களுக்கான அளவு. தாளைப் படமெடுத்தால் அது போதாது. ஏ4 பக்கத்தை 200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 1654 x 2339 புள்ளி, சிறு எழுத்தும் படிக்கும்படி இருக்கும். போனில் ஆவணங்களை கேமராவில் எடுப்பதைவிட, கூகுள் டிரைவ் ஆப்பில் உள்ள 'ஸ்கேன்' வழியாக எடுங்கள். ஓரம் வெட்டி, தாளை வெளுப்பாக்கி, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆகக் கொடுக்கும்.

ஏற்கெனவே நாலு குரூப் சுற்றி வந்த வாட்ஸ்அப் படத்தை மறுபடி சுருக்கினால் மங்கத்தான் செய்யும். ஜேபெக் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் கொஞ்சம் தகவலைத் தூக்கி எறிகிறது. ஆகவே எப்போதும் ஒரிஜினலிலிருந்து ஒரே தடவை சுருக்குங்கள். 400 புள்ளிப் படத்தை 1600 ஆக்கினால் பெரிதாகும், தெளிவாகாது.

அச்சுக்குப் போகும் படம் தனிக் கணக்கு. 6 x 4 அங்குல பிரின்ட்டுக்கு 1800 x 1200 புள்ளி வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, பேனர், ஆல்பம் என்று அடிக்கக் கொடுக்கும் படத்தைச் சுருக்கவே வேண்டாம். டிரைவ் லிங்காகவோ பென்டிரைவிலோ ஒரிஜினலையே கொடுங்கள்.

"ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணிட்டேன்"

பெயின்ட் இன்னும் மூடப்படவில்லை என்றால் தப்பித்தீர்கள். கன்ட்ரோல் இசட்டை படம் பழைய அளவுக்கு வரும்வரை தட்டி, மறுபடி சேமியுங்கள். மூடிவிட்டால் அந்த ஃபைலில் இனி தேட ஒன்றுமில்லை. ஆனால் படம் வேறு இடத்தில் இருக்கலாம்: போனின் கேலரி, கூகுள் போட்டோஸ், கேமராவின் மெமரி கார்டு. மெமரி கார்டில் இருந்தே நேராகத் திறந்து திருத்தியிருந்தால் அதுவும் போயிருக்கும். மேக் கம்ப்யூட்டரில் 'பிரிவ்யூ' வைத்துச் சுருக்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அது கேட்காமலே ஒரிஜினல் மேல் சேமித்துவிடும். முதலில் 'டூப்ளிகேட்', பிறகு 'டூல்ஸ்' பட்டியலில் 'அட்ஜஸ்ட் சைஸ்'.

அனுப்பும் முன் இன்னொன்று. போனில் லொக்கேஷன் இயங்கியிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வெள்ளச் சேதத்துக்கு அது சாட்சி, விட்டுவிடலாம். முன்பின் தெரியாதவருக்குப் பழைய பிரிட்ஜ் விற்க அனுப்பும் படத்தில் வீட்டு இருப்பிடம் எதற்கு? 'பிராப்பர்ட்டீஸ்', 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தின் அடியில் 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்ஃபர்மேஷன்' என்ற வரியைத் தட்டி, 'கிரியேட் எ காப்பி' தேர்ந்தால் விவரம் நீங்கிய காப்பி கிடைக்கும். பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் டெஸ்க்டாப்பில் வைத்த ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் கொடுத்து அழித்து, 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரையும் ஒரு பார்வை பார்த்து, ஜிமெயிலிலிருந்து சைன் அவுட் செய்யுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் உங்கள் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் அந்தக் கம்ப்யூட்டரை நீக்கிவிட்டு எழுந்திருங்கள்.